மாலை வகுப்பின் பயனை அளப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊரில் 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புக்குச் சென்ற பிள்ளைகள், செல்லாதவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். அரசு செலவிட்ட பணம் பலன் தந்தது என்பதற்கு இது போதாதா?
– வாசகர் ஒருவர், ஏற்காடு

பதில்: போதாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோர் தோட்டத்திலிருந்து திரும்பும்வரை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியும், பனி இறங்கிய பாதையில் தனியே நடக்க முடியாத சிறுவனும் வகுப்புக்கு வருவதில்லை. வீட்டில் ஊக்கம் உள்ள பிள்ளையோ தவறாமல் வருகிறான். ஆகவே நீங்கள் காணும் வேறுபாட்டில் வகுப்பின் பங்கு எவ்வளவு, குடும்பச் சூழலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. தொடக்கத்திலேயே ஒரு தேர்வு வைத்து, ஒரே நிலையிலும் ஒரே சூழலிலும் இருந்த பிள்ளைகளில் வகுப்புக்கு வந்தவரும் வராதவரும் எவ்வளவு முன்னேறினார்கள் என்று ஒப்பிடுவதே நேர்மையான அளவீடு.

தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் பெருந்தொற்றுக்கு முன்பும் பின்பும் நடத்தப்பட்ட ஆய்வொன்று, பள்ளிகள் திறந்த 6 மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதென்றும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் விளைந்ததென்றும் மதிப்பிட்டது. அமெரிக்காவிலோ, கூட்டரசு நிதியில் நடந்த மாலை மையங்களில் தொடக்கப்பள்ளி மாணவர்களைக் குலுக்கல் முறையில் சேர்த்து ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட அறிக்கை, படிப்பில் முன்னேற்றம் காணவில்லை. ஆனால் பிள்ளைகள் கூடுதல் பாதுகாப்பை உணர்ந்தார்கள் என்றது. மலைக் கிராமத்துத் தாய்க்கு அந்தப் பாதுகாப்பு சிறிய பயன் அன்று. மதிப்பெண்ணோடு அதையும் அளக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் உங்கள் ஊரில் வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, காரணத்தை வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள்.