பைன் மர ஷில்லிங்குக்காக மகளின் காலேஜ் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன், வயது 43. நாலு வருடமாகப் பழைய அமெரிக்கக் காசுகள் சேர்க்கிறேன். ஒரு நாணயக் கண்காட்சியில் டீலர் ஒருவர் பைன் மர ஷில்லிங்கை, அதாவது பைன் மரம் பொறித்த பழைய மாசசூசெட்ஸ் வெள்ளிக் காசை, 6,000 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். "1652-ல் அடித்தது, ஐந்து வருடத்தில் விலை இரட்டிப்பாகும்" என்கிறார். மகளின் காலேஜ் படிப்புக்காகச் சேமிக்கும் 529 கணக்கில் இருந்து எடுத்து வாங்கலாமா? அப்புறம், என்னிடம் உள்ள நியூ ஜெர்சி செம்புக் காசு கறுத்துக் கிடக்கிறது, புளி போட்டுத் தேய்த்தால் விலை கூடுமா?

பதில்: 529-ல் கை வைக்காதீர்கள். படிப்புச் செலவுக்கு இல்லாமல் வேறு எதற்கு எடுத்தாலும், அதில் வளர்ந்த லாபத்துக்கு வருமான வரி கட்டி, அதற்கு மேல் 10 சதவீத அபராதமும் கட்ட வேண்டும். காசு கைக்கு வருவதற்கு முன்பே நஷ்டம்.

இனி அந்த "இரட்டிப்பு". டீலர் சொன்னது அப்படியே பலிக்கிறது, ஐந்து வருடம் கழித்து ஏலத்தில் ஒருவர் உங்கள் காசுக்கு 12,000 டாலர் கொடுக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதில் ஏலம் முடிந்த விலைக்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் 20 சதவீதமும் அடக்கம், ஆக ஏலம் முடிந்த விலை 10,000தான், விற்பவர் கமிஷன் 10 சதவீதம் போனால் உங்களுக்கு வருவது 9,000. லாபம் 3,000. சேகரிப்புப் பொருள் என்பதால் நீண்டகால லாபத்துக்கு மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம், அப்படிப் போனால் 840. கையில் நிற்பது 2,160 டாலர். அதாவது ஆண்டுக்கு ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல், அதுவும் மாநில வரிக்கு முன்னால். விலை இரட்டிப்பானால்தான் இதுவே! போட்ட 6,000 அப்படியே திரும்பி வருவதற்குக்கூட இன்னொருவர் 8,000 கொடுக்க வேண்டும், நடுவில் வட்டியோ டிவிடெண்டோ ஒரு சல்லி கிடையாது.

பெரிய காசுகளுக்கும் இதே கதிதான். 2013-ல் ஒரு கோடி டாலருக்கு மேல் போன 1794 வெள்ளி டாலர், 2020-ல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது உரிமையாளர் வைத்த குறைந்தபட்ச விலையைத் தொடாமல் விற்காமலே திரும்பியது. அவரால் காத்திருக்க முடியும், மகளின் காலேஜ் ஃபீஸ் காத்திருக்காது.

இன்னொரு விஷயம். டீலர் "1652-ல் அடித்தது" என்றாராம். பாஸ்டனில் ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் இருவரும் மரம் பொறித்து அடித்த காசுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 1652 என்றுதான் இருக்கும், அது நாணயச் சாலைக்குச் சட்டம் போட்ட ஆண்டு. பைன் மரம் வந்தது அதற்குப் பதினைந்து வருடம் கழித்து, 1682 வரை அடித்தார்கள், ஆண்டை மட்டும் மாற்றவில்லை. காசு அடிப்பது ராஜாவின் உரிமை, அதனால் இங்கிலாந்தில் ராஜா இல்லாத வருடத்தைப் போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த அடிப்படை விஷயத்தையே தவறாகச் சொல்பவர் ஐந்து வருடம் கழித்து வரும் விலையைச் சரியாகச் சொல்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. போலியும் இதில் இன்று நேற்று வந்ததல்ல, 1850களிலேயே நியூயார்க்கில் அடித்து விற்றிருக்கிறார்கள். காசு அசலா என்று சோதித்து, எண் போட்ட உறையில் அடைத்துத் தரும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனத்தின் உறையில் இல்லாத ஷில்லிங்கைத் தொடவே வேண்டாம், உறையில் இருந்தாலும் அதில் உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள், உறையையும் போலி செய்கிறார்கள்.

ஆசை விடவில்லையா? ஒன்றும் தப்பில்லை. மாதம் 200 டாலர் தனியாக எடுத்து வையுங்கள், இரண்டரை வருடத்தில் 6,000 சேர்ந்துவிடும், அது போனாலும் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. வாங்கும் முன் டீலரிடம் ஒரே ஒரு கேள்வி: "இதையே நான் இன்றைக்கு உங்களிடம் விற்க வந்தால் என்ன விலை தருவீர்கள்?" அவர் முகத்தைப் பாருங்கள். வீட்டு இன்ஷூரன்ஸையும் எடுத்துப் படியுங்கள், பல பாலிசிகளில் நாணயங்களுக்கு 200 டாலர்தான் வரம்பு.

கடைசியாகப் புளி. ஐயோ, வேண்டவே வேண்டாம்! நானே ஒரு காலத்தில் 90 டாலருக்கு வாங்கிய கனெக்டிகட் செம்புக் காசை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்து, புதுக் குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று ஆக்கி, பெருமையாகக் கடைக்கு எடுத்துப் போனேன், கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு 25 டாலர் என்றார். அந்தப் பழுப்பு நிறம் இருநூறு வருடமாகப் படிந்தது, ஒருமுறை போனால் திரும்பி வராது. உங்கள் காசில் ஒரு பக்கம் குதிரைத் தலையும் கீழே கலப்பையும், மறுபக்கம் கேடயத்தைச் சுற்றி "ஈ ப்ளூரிபஸ் யூனம்" (லத்தீனில் "பலவற்றிலிருந்து ஒன்று") என்றும் இருக்கும், அந்த வாசகம் முதலில் ஏறிய அமெரிக்கக் காசு உங்கள் மாநிலத்துடையதுதான். கறுப்பாகவே இருக்கட்டும், பிவிசி கலக்காத உறையில் போட்டு வையுங்கள்.