மஞ்சளும் வல்லாரையும்: லேப்காரரிடம் சில கேள்விகள்

அம்பத்தூரில் சின்ன அளவில் மூலிகைப் பொடி பேக் செய்கிறோம். மஞ்சளில் குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள்) அளவு பார்க்க ஒவ்வொரு தடவையும் நாலு நாள் ஆகிறது. சீக்கிர வழி உண்டா சார்?

உண்டு. என்ஐஆர் என்ற, அகச்சிவப்பு ஒளி பாய்ச்சி அளக்கும் கருவியில் பொடியைக் கிண்ணத்தோடு வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் எண் வந்துவிடும், கரைப்பான் ஒரு சொட்டுகூட வேண்டாம். ஆனால் முதலில் அதைப் பழக்க வேண்டும். எச்பிஎல்சியில், அதாவது கரைப்பானை ஓடவிட்டுப் பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவியில், அளந்து வைத்த மாதிரிகளை நிறையக் காட்ட வேண்டும், அதுவும் ஈரோட்டு மஞ்சளை மட்டும் காட்டிவிட்டு அப்புறம் ஆலப்புழை மஞ்சளை வைத்தால் உளறும், ஏனென்றால் ஆலப்புழை ரகத்தில் குர்குமின் பொதுவாகவே கூடுதல். இன்னொன்று, ஈரம். போன ஐப்பசி மழையில் மூடாமல் கிடந்த டப்பாவிலிருந்து பொடியை எடுத்து வைத்துவிட்டு, எண் தாறுமாறாக வந்ததும் அரை நாள் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கரைப்பான் கழிவைக் குறைக்கும் ‘பசுமை முறை’ என்பது வெறும் விளம்பரமா?

சிங்க்குக்குக் கீழே இருக்கும் கழிவு பாட்டிலைப் பாருங்கள். பழைய எச்பிஎல்சி முறையில் நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் அரை மணி ஓடினால் ஒரு மாதிரிக்கு 30 மி.லி., இருபது மாதிரிக்கு 600 மி.லி., அதில் பெரும்பங்கு அசிட்டோநைட்ரைல் என்ற நச்சுக் கரைப்பான். அதன் வேகமான புது வடிவமான யுஎச்பிஎல்சியில் 0.3 மி.லி. வீதம் 5 நிமிடம் என்றால் 1.5 மி.லி.தான். எத்தனாலுக்கும் மாறலாம், கொஞ்சம் பிசுபிசுப்பு என்பதால் பிரஷர் ஏறும், பொருள்களைப் பிரிக்கும் குழாயை (column) சூடாக்கினால் சரியாகும். குர்குமினை 425 நானோமீட்டர் அலைநீள ஒளியில் பார்ப்பதால் எத்தனால் குறுக்கே வராது.

ராசப்ப செட்டி தெருவில் வல்லாரைப் பொடி வாங்குகிறேன். அசல்தானா என்று எப்படித் தெரியும்?

பொடியான பிறகு கண்ணுக்குத் தெரியாதும்மா. வடக்கே வல்லாரை, நீர்ப்பிரம்மி இரண்டையுமே பிரம்மி என்பார்கள், குழப்பம் அங்கேதான். எச்பிடிஎல்சி என்ற, பொருள்களைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் தட்டு ஒன்றில் பத்துப் பதினைந்து மாதிரியைப் பக்கம் பக்கமாக ஓட்டினால், வல்லாரையில் உள்ள ஏசியாட்டிகோசைடு என்ற பொருளின் கோடு இருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், காய்ந்த இலையாக வாங்கி ஊறவைத்துப் பாருங்கள்: வல்லாரை சிறுநீரக வடிவில், ஓரத்தில் பல்பல்லாக இருக்கும்.

மஞ்சளில் சாயம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாமா?

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டு, கலக்காமல் விடுங்கள். நல்ல பொடி அடியில் தங்கும், மேலே லேசான மஞ்சள்தான் இருக்கும். சாயம் கலந்திருந்தால் தண்ணீர் கெட்டி மஞ்சளாகும். நிறத்துக்காகக் கலக்கும் ஈயக் குரோமேட் என்ற ஈய உப்பு மட்டும் இதில் தப்பிவிடும், அது தண்ணீரில் கரையாது. சந்தேகம் இருந்தால் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிர் பாய்ச்சி உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி) உள்ள லேபில் கொடுங்கள், அமிலமும் கரைப்பானும் இல்லாமல் சில நிமிடத்தில் ஈயத்தைக் காட்டிவிடும்.