கப்பலில் உடைந்த பல்: யாரிடம் இழப்பீடு கேட்பது?

கேள்வி: ஃப்ளோரிடாவில் புறப்பட்டு கரீபியன் தீவுகளைச் சுற்றிவரும் சொகுசுக் கப்பலில் நானும் மனைவியும் போனோம். மூன்றாம் நாள் இரவு கப்பல் உணவகத்தில் ரொட்டியைக் கடித்தபோது நறுக்கென்றது. சிறு கல். பல ஆண்டுகளுக்கு முன் கேப் போட்ட கடைவாய்ப்பல், கேப்போடு சேர்ந்து உடைந்துவிட்டது. பரிமாறியவரிடம் காட்டினேன்; மன்னிப்புக் கேட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கப்பல் டாக்டர், 'இங்கே பல் மருத்துவர் கிடையாது' என்று சொல்லி வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார். கட்டணம் என் கப்பல் கணக்கில் ஏறியது. இரண்டு நாள் கழித்து ஒரு துறைமுகத்தில், கப்பலின் ஏஜென்ட் காட்டிய பல் மருத்துவரிடம் ரூட் கேனால் செய்துகொண்டேன். வீடு திரும்பியதும் சீழ் பிடித்து, பல்லையே பிடுங்கவேண்டியதாயிற்று. இப்போது இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கச் சொல்கிறார்கள். 'டாக்டரும் கரையிலிருந்த பல் மருத்துவரும் தனி ஒப்பந்தக்காரர்கள்' என்கிறது கப்பல் நிறுவனம். 'முன்பே இருந்த கோளாறு' என்று இன்சூரன்ஸ் கையை விரிக்கிறது. ஏழு மாதம் ஓடிவிட்டது. பல் மருத்துவரே இல்லாமல் அத்தனை ஆயிரம் பேரை ஏற்றிப்போனதற்கு வழக்குப் போட முடியுமா?

பதில்: நீங்கள் கேட்டிருக்கும் வழக்கு நிற்காது. கேட்காமல் விட்ட வழக்கு நிற்கும். ஆனால் அதற்கு இன்னும் ஐந்து மாதமே இருக்கிறது.

முதலில் பல் மருத்துவர் இல்லாத விஷயம். உங்கள் கோபம் புரிகிறது. சட்டம் அந்தக் கோபத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பயணிகள் கப்பலில் பல் மருத்துவர் இருந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சர்வதேச உடன்படிக்கையும் சொல்லவில்லை. டாக்டர் விஷயத்திலேயே பாருங்கள்: 100 பேரோ அதற்கு மேலோ, மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் என்றால் தகுதியுள்ள டாக்டர் ஒருவர் கப்பலில் இருக்கவேண்டும் என்ற விதி, 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இருக்கிறது. பெயரே சொல்வதுபோல அது மாலுமிகளையும் ஊழியர்களையும் காக்க வந்த உடன்படிக்கை. அவசியமான பல் சிகிச்சையையும் அது ஊழியர்களின் உரிமையாகவே வைத்திருக்கிறது. உங்களுக்கு ரொட்டி பரிமாறியவருக்குப் பல் வலித்தால் கேட்க உரிமை உண்டு. காசு கொடுத்து ஏறிய உங்களுக்கு இல்லை. வேடிக்கைதான். ஆனாலும் நிலைமை அதுதான். விளம்பரத்தில் 'பல் மருத்துவர் உண்டு' என்று எழுதி ஏமாற்றியிருந்தால் பேச்சு வேறு. 'நவீன மருத்துவ மையம்' என்ற பொதுவான வார்த்தையை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போகாதீர்கள்.

அடுத்து கப்பல் டாக்டர். 'அவர் தனி ஒப்பந்தக்காரர்' என்ற பதில் ஒரு காலத்தில் கேள்வியே கேட்க முடியாத பதிலாக இருந்தது. 1988-இல் பார்பெட்டா வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, டாக்டரின் தவறுக்குக் கப்பல் முதலாளி பொறுப்பாக மாட்டார் என்று சொன்னது. பல ஆண்டுகள் அதுவே நடைமுறை. 2014-இல் ஃப்ரான்சா எதிர் ராயல் கரீபியன் வழக்கில், ஃப்ளோரிடா அடங்கிய 11-ஆம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழியில் போக மறுத்தது. கப்பல் நிறுவனத்தின் சீருடை போட்டவர், நிறுவனம் நடத்தும் மருத்துவ மையம், நிறுவனமே பயணியிடம் வசூலிக்கும் கட்டணம் என்று இவ்வளவும் இருக்கும்போது, 'அவர் எங்கள் ஆள் இல்லை' என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்த ஒரு வரியால் மட்டும் தப்பிக்க முடியாது என்பதே அதன் சாரம். உங்கள் கப்பல் கணக்கில் ஏறிய கட்டணம் இந்த இடத்தில் நல்ல சாட்சி.

ஆனால் டாக்டர் நிறுவனத்தின் ஆள் என்று காட்டினால் போதாது, அவர் தவறு செய்தார் என்றும் காட்டவேண்டும். பல் மருத்துவக் கருவி இல்லாத இடத்தில் வலியைக் குறைத்து, தொற்றுக்கு மருந்து கொடுத்து, அடுத்த துறைமுகத்துக்கு அனுப்புவது பொதுவாக எந்தப் பொது மருத்துவரும் செய்வதுதான். தாடைக்கு அடியில் வீங்கி, விழுங்க முடியாமல், காய்ச்சலோடு போயிருந்தும் அவர் அனுப்பி வைத்திருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். பல் தொற்று கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயே அடைபடும். அப்போது கரைக்குத் தகவல் சொல்லி ஆளை இறக்காதது கவனக்குறைவு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

கரையிலிருந்த பல் மருத்துவரின் மீது உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். அவர் மீதான வழக்கை அந்தத் தீவின் சட்டப்படி, பெரும்பாலும் அந்தத் தீவிலேயே நடத்தவேண்டும். அவரிடம் உங்களை அனுப்பியதற்காகக் கப்பல் நிறுவனத்தைப் பிடிக்கவேண்டுமானால், தகுதியில்லாதவர் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ அனுப்பினார்கள் என்று காட்டவேண்டும். ரூட் கேனால் தோற்பது நல்ல மருத்துவரிடமும் நடக்கும். இதை விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பது ரொட்டியில் இருந்த கல். கடிதத்தில் அதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்; உங்கள் வழக்கே அதுதான். பயணிக்கு நியாயமான அக்கறை காட்டும் கடமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு. 'கல் இருந்தது எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது' என்று அவர்கள் சொல்வார்கள். ஈரத் தரையில் வழுக்கி விழுந்த வழக்குகளில் இந்த வாதம் நன்றாக வேலை செய்யும். ஆனால் சமையலறை ஊழியரின் கவனக்குறைவுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கும்போது அந்த 'முன்கூட்டித் தெரிந்ததா' என்ற கேள்வி எழாது என்று அதே 11-ஆம் சுற்று நீதிமன்றம் 2021-இல் யுஸ்கோ வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே கோரிக்கைக் கடிதத்தை 'ஊழியரின் கவனக்குறைவு' என்று தொடங்கச் சொல்லுங்கள்.

'கேப் போட்ட பல் ஏற்கெனவே பலவீனம்' என்ற பதில் கட்டாயம் வரும். பலவீனமான ஆளை இடித்தவர், 'நீ திடமாக இருந்திருந்தால் அடிபட்டிருக்காது' என்று சொல்லித் தப்ப முடியாது. பொறுப்பு இருக்கும், தொகைதான் குறையும். கல்லைக் கடிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கேப் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கியிருக்கும் என்று உங்கள் பழைய பல் மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்தால், தொகைப் பேச்சில் அது பெரிய உதவி.

இனி காலக்கணக்கு. பயணச்சீட்டின் பின்னால், அல்லது இணையத்தில் 'சம்மதம்' என்று நீங்கள் அழுத்திய நீண்ட ஒப்பந்தத்தில், மூன்று வாசகங்கள் இருக்கும். ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ், ஓராண்டுக்குள் வழக்கு, வழக்கு ஒப்பந்தம் சொல்லும் ஊரில்தான், பெரும்பாலும் மயாமி. படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பது உதவாது. கார்னிவல் எதிர் ஷூட் வழக்கில் 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வழக்கை எந்த ஊரில் போடவேண்டும் என்று பயணச்சீட்டில் அச்சடித்த கட்டுப்பாடு பயணியைக் கட்டும் என்று தீர்ப்பளித்தது. இன்றும் அதுவே சட்டம். அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் பயணத்துக்கு, உடல் காயத்தைப் பொறுத்தவரை, ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் குறைவாக இந்தக் கெடுக்களை வைக்கக்கூடாது என்று அந்நாட்டுச் சட்டம் இருக்கிறது. நிறுவனங்கள் பொதுவாக அந்தக் குறைந்தபட்ச எல்லையை ஒட்டியே எழுதிவைக்கின்றன.

ஏழு மாதம் ஆகிவிட்டதே, நோட்டீஸ் கெடு போய்விட்டதே என்று பயப்படவேண்டாம். காயம்பட்டது கப்பல் முதலாளிக்கோ கேப்டனுக்கோ அவர்களின் ஏஜென்டுக்கோ தெரிந்திருந்து, நோட்டீஸ் வராததால் அவர்களுக்குப் பாதகம் எதுவும் இல்லை என்று நீதிமன்றம் கண்டால், நோட்டீஸ் குறைபாடு வழக்கை முறிக்காது என்று அதே சட்டம் சொல்கிறது. அன்றிரவே மருத்துவ மையத்தில் பதிவாகியிருக்கிறது, கட்டணமும் ஏறியிருக்கிறது, துறைமுகத்தில் பல் மருத்துவரைக் காட்டியதே அவர்களின் ஏஜென்ட். எனவே முதல் வேலையாகக் கப்பலின் மருத்துவப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். அதில் 'கடினமான பொருளைக் கடித்ததால்' என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், தட்டோடு போன கல்லுக்கு அது ஈடு. மனைவியும் அன்று பார்த்ததைத் தேதியோடு இப்போதே எழுதிவைக்கட்டும். உடைந்த கேப்பின் துண்டு கையில் இருந்தால் எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் அனுப்பாதீர்கள், படம் மட்டும் போதும்.

ஓராண்டு கெடுவுக்கு இப்படிச் சலுகை கிடையாது. கவனியுங்கள், அந்த ஓராண்டு கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து ஓடாது. பல் உடைந்த இரவிலிருந்து ஓடும். ஐரோப்பியத் துறைமுகங்களில் பெரும்பாலும் பொருந்தும் ஏதென்ஸ் உடன்படிக்கையில் (கப்பல் பயணிகளின் இழப்பீடு பற்றிய சர்வதேச உடன்படிக்கை) இறங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு. இணையத்தில் அந்தக் கணக்கைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்து வழக்கை இழந்தவர்கள் உண்டு. நிறுவனம் அன்பாகக் கடிதம் எழுதிப் பேசிக்கொண்டே இருந்தாலும் கெடு நிற்காது. கெடுவை நீட்டிக்கிறோம் என்று அவர்கள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் நிற்கும். அதைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், பதினோராவது மாதம் வரை காத்திராமல் ஃப்ளோரிடாவில் கடல்சார் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரைப் பிடியுங்கள். அங்கே காயவழக்குகளைக் கிடைக்கும் தொகையில் பங்கு என்ற முறையில் எடுப்பார்கள். ஆனால் ஒரே ஒரு பல்லுக்கான வழக்கு என்றால் சிலர் தயங்குவார்கள். பெரும்பாலும் இது சமரசத் தொகையில்தான் முடியும் என்பது என் கணிப்பு.

இன்சூரன்ஸ் இதற்கு இணையாக, தனியாக நடக்கட்டும். பாலிசியில் பல் பகுதியை எடுத்துப் பாருங்கள். சாதாரணமாக இரண்டு தனித்தனி வாசகங்கள் இருக்கும்: விபத்தால் பல் காயம், திடீர் வலிக்கு நிவாரணம். விபத்து வாசகத்தில் 'ஆரோக்கியமான இயற்கைப் பல்' என்ற நிபந்தனை இருந்தால் கேப் போட்ட பல் மாட்டிக்கொள்ளும். 'உண்பதால் ஏற்படும் சேதம் சேராது' என்ற விதிவிலக்கு பல பாலிசிகளில் உண்டு. உணவில் அந்நியப் பொருள் இருந்தாலும் சேராது என்றே சில எழுதியிருக்கும். அப்படியானால் நடந்ததை மாற்றிச் சொல்லாமல், வலி நிவாரண வாசகத்தின் கீழே கிளெயிமைத் திருப்பிப் போடுங்கள். கப்பல் டாக்டரின் கட்டணமும் துறைமுக ரூட் கேனால் கட்டணமும் அதில் வரலாம், அந்தப் பகுதிக்கென்று பாலிசி வைத்திருக்கும் தனி உச்சவரம்புக்கு உட்பட்டு. இம்பிளான்ட் அநேகமாக வராது; அதைக் கப்பல் நிறுவனத்திடம்தான் கேட்கவேண்டும்.

'முன்பே இருந்த கோளாறு' என்ற மறுப்புக்கு, பயணத்துக்கு முன் பாலிசி குறிப்பிடும் காலத்துக்குள் அந்தப் பல்லுக்குச் சிகிச்சையோ, நோயறிதலோ, மருந்தோ இருந்ததா என்று பாலிசியே என்ன வரையறை வைத்திருக்கிறது என்று பாருங்கள். கேப் பல ஆண்டுக்கு முன் போட்டது. பாலிசி குறிப்பிடும் அந்தக் காலத்தில் எதுவும் இல்லையென்றால் மறுப்பு பலவீனமானது. புறப்படுவதற்கு முன் யாராவது 'இந்தக் கேப் ஆடுகிறது, மாற்றிவிடு' என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்தக் காகிதம் இன்சூரன்ஸிடமும் நாளை வழக்கிலும் வந்து நிற்கும். இப்போதே என்னிடமோ உங்கள் வழக்கறிஞரிடமோ சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கப்பல் நிறுவனம் நல்லெண்ணமாக அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடியோ சிறு காசோலையோ அனுப்பினால், கூடவே வரும் ஒற்றைப் பக்கத்தைப் படிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். 'எல்லா உரிமைகோரல்களும் தீர்ந்தன' என்ற வரி அதில் இருந்தால் இம்பிளான்டையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள்.