டிரிஃப்ட் அடிக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்புவது யார்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்: ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டியரிங் (காரின் விசையை மோட்டார் வழியாகக் கைக்கு உணர்த்துகிற கேம் வீல்) வாங்கியாச்சு, டிரிஃப்ட் மட்டும், அதாவது பின்சக்கரத்தை வழுக்கவிட்டுக் காரைக் குறுக்காக ஓட்டுவது மட்டும், வரவில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். வீல் அலைன்மென்ட் கடையில் பல வருஷம் கார்களுக்கு அடியில் கிடந்தவன், இப்போது இரண்டு சிமுலேட்டர் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறவன். இந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, கம்ப்யூட்டரில் ஃபோர்ஸா ஹொரைசன் 5 விளையாடுகிறேன். கன்ட்ரோலரில் அழகாக டிரிஃப்ட் வரும். சேர்த்து வைத்த காசில் லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங் வீல் வாங்கினேன். இப்போது ஒவ்வொரு வளைவிலும் கார் தட்டாமாலை சுற்றுகிறது. வீலில் கோளாறா, என்னிடம் கோளாறா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: இரண்டிலும் இல்லை, தம்பி. கன்ட்ரோலரில் குச்சியை ஒரே தள்ளாக ஓரத்துக்குத் தள்ளினாலும் கேம் முன்சக்கரத்தை அப்படியே திருப்பிவிடாது. இந்த வேகத்துக்கு இவ்வளவு திருப்பினால் போதும் என்று நடுவில் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொண்டே இருக்கும். வீலை மாட்டி, 'சிமுலேஷன்' ஸ்டியரிங்கைத் தேர்ந்தெடுத்ததும் அந்த உதவி போய்விடும். அதுவரை கேம் பார்த்த வேலை இப்போது உங்கள் தலையில்.

அந்த வேலையை நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. பின்பக்கம் வழுக்கியதும் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வீலை இறுகப் பிடித்து, கை மேல் கை போட்டுத் திருப்புவீர்கள். பாதி திருப்புவதற்குள் கார் பின்னால் பார்த்து நிற்கும். என் சிமுலேட்டரில் முதல் தடவை உட்காருகிற எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். டிரிஃப்ட் ஓட்டத் தெரிந்தவர் திருப்புவதே இல்லை. பிடியைத் தளர்த்துகிறார், வீல் தானாகவே எதிர்ப்பக்கம் ஓடுகிறது, வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்துகிறார்.

ஏன் தானாக ஓட வேண்டும்? சீட்டைப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஹேண்டில்பாரைத் தொடாமலே முன்சக்கரம் போகிற திசைக்குத் தன்னை நேராக்கிக்கொள்ளும். காரிலும் இதே சங்கதிதான். சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சு செங்குத்தாக இருக்காது, மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். அலைன்மென்ட் கடையில் கேஸ்டர் என்று சொல்வோமே, அது. அந்தச் சாய்வினால் டயர் தரையைத் தொடுகிற இடம் அச்சுக்குப் பின்னால் விழுகிறது. அதனால் கார் உண்மையில் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் திரும்பத்தான் டயர் எப்போதும் முயலும்.

டிரிஃப்டில் காரின் மூக்கு ஒரு பக்கம், கார் நகர்கிற திசை வேறு பக்கம். வலப்பக்க வளைவில் மூக்கு அளவுக்கு மீறி வலது பக்கம் பார்க்கும், கார் அதற்கு இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். முன்சக்கரங்கள் அந்த இடப்பக்கத்துக்கே திரும்பும். நீங்கள் கொடுக்க வேண்டிய எதிர்த்திருப்பமும் இடப்பக்கம்தானே? ஆக, காருக்கு வேண்டியதும் உங்களுக்கு வேண்டியதும் ஒன்றே. நடுவில் தடுப்பது இறுகிய பிடி. நிஜ டிரிஃப்ட் கார்களில் இந்தக் கேஸ்டரை வேண்டுமென்றே கூட்டி வைப்பார்கள், வீல் வேகமாகத் தானே ஓட வேண்டும் என்பதற்காக.

எங்கே பிடித்து நிறுத்துவது என்பதுதான் கலை. முன்சக்கரம் நகர்கிற திசைக்கு நேராக வந்ததும் வீலில் இருந்த இழுவை சட்டென்று குறைந்துவிடும். கை அதை உணர்கிற நொடியில் பிடியுங்கள். விட்டால் வீல் அதையும் தாண்டி ஓடும், கார் அப்படியே மறுபக்கம் எகிறும்.

பழக வேண்டியது இப்படி. காலியான பெரிய மைதானம், பின்சக்கரம் இழுக்கிற, அதிகப் பவர் இல்லாத கார், இரண்டாம் கியர். வட்டம் போடுங்கள். பின்சக்கரம் சுழலும்படி ஆக்சிலரேட்டரை மிதித்து, கையைத் தளர்த்தி, வீல் ஓடி நின்றதும் பிடியுங்கள். அதன்பின் வட்டத்தைப் பெரிதும் சிறிதுமாக்குவது கால். மிதியைக் கூட்டினால் கார் இன்னும் குறுக்காகத் திரும்பும், குறைத்தால் நேராகும். வட்டம் கைக்கு வந்த பிறகு எட்டு. எட்டின் நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காரின் எடை புரண்டு, வீல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பறக்கும். விரல்களை வளையமாக மட்டும் வைத்து அதைப் பறக்கவிடுங்கள். வீலைப் பிடித்து நிறுத்துவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரை மிதிப்பதால்தான் பலருக்கு இந்த இடத்தில் சுற்றிவிடுகிறது.

அப்புறம், ஃபோர்ஸா ஹொரைசன் முதலில் கன்ட்ரோலரை மனதில் வைத்துச் செய்த கேம் என்பது என் அபிப்பிராயம். வீலில் டிரிஃப்ட் கற்க, இத்தாலியின் குனோஸ் சிமுலாட்சியோனி 2014இல் வெளியிட்ட அசெட்டோ கோர்சாவை வாங்குங்கள். 'டிரிஃப்ட்' என்ற பெயரிலேயே ஒரு மைதானமும், டிரிஃப்டுக்கென்று மாற்றிய பிஎம்டபிள்யூ எம்3 ஈ30 காரும் அதிலேயே வருகின்றன. பெயரைப் பார்த்து ஏமாந்து 'அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே'யை வாங்கிவிடாதீர்கள். அது ஜிடி3 வகைப் பந்தயக் கார்களுக்கானது.

கேள்வி: விசை நன்றாகத் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் 100க்கு ஏற்றிவிட்டேன். வீல் கல்லாக இறுகிவிட்டது. கையை விட்டாலும் நீங்கள் சொல்கிற மாதிரி ஓடவில்லை. என்ன செட்டிங் வைப்பது?
— செல்போன் கடைக்காரர், ஈரோடு

பதில்: "எல்லாவற்றையும்" என்றீர்களே, அதில்தான் வினை. அந்தப் பட்டியலில் சில, காரிலிருந்து வருகிற விசை. சில, மென்பொருள் தானாகச் சேர்க்கிற விசை. இரண்டாவது வகையை முழுக்க அணைக்க வேண்டும்.

முதல் எதிரி சென்டரிங் ஸ்பிரிங். இது வீலை எந்நேரமும் நடுவுக்கு இழுக்கும். கார் சறுக்கும்போது வீல் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். ஸ்பிரிங்கோ நடுவைத் தாண்டவிடாமல் பிடித்து வைக்கும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் இல்லாத பழைய கேம்களுக்காக வைத்த வசதி அது, உங்களுக்கு வேண்டாம். இரண்டாவது டேம்ப்பிங். வீல் வேகமாகச் சுழலும்போது அதற்கு எதிராக ஒரு தடை கொடுக்கும். நேர்ப்பாதையில் வீல் ஆடாமல் இருக்க உதவும், டிரிஃப்டில் ஓடுகிற வீலின் காலைக் கட்டிவிடும். சுழியம் வையுங்கள்.

மூன்றாவது கெயின், அதாவது காரிலிருந்து வருகிற விசையை எவ்வளவு பெருக்கிக் கைக்கு அனுப்புவது என்பது. இதைத்தான் எல்லோரும் அள்ளி வைக்கிறார்கள். மோட்டாருக்கு ஓர் எல்லை உண்டு. கேம் அதைவிட அதிகம் கேட்டால், கேட்டது எவ்வளவாக இருந்தாலும் ஒரே அளவுதான் கைக்கு வரும். கிளிப்பிங் என்பது இதுதான். மேலே திருநெல்வேலித் தம்பிக்குச் சொன்னேனே, இழுவை சட்டென்று குறைகிற இடம் என்று? கிளிப்பிங்கில் அந்தக் குறைவு காலம் கடந்துதான் தெரியும். அசெட்டோ கோர்சாவில் பெடல்களைக் காட்டுகிற சின்னப் பெட்டியில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் ஒரு பட்டை உண்டு. அது சிவப்பானால் கெயினைக் குறையுங்கள். எப்போதாவது ஒரு நொடி சிவந்தால் பரவாயில்லை.

கடைசியாக, வீல் எத்தனை டிகிரி சுற்ற வேண்டும் என்பது. 900 டிகிரியில் ஓட்டினால் நிஜக் கார் மாதிரி இருக்கும், ஆனால் கியர் வைத்த சின்ன வீல்களால் அவ்வளவு தூரத்தை நேரத்துக்குள் ஓடிக் கடக்க முடியாது. 720 அல்லது 540 வைத்துப் பாருங்கள். சுத்தவாதிகள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

கேள்வி: ஐயா, பிளஸ் டூ முடித்த மகன் 'டைரக்ட் டிரைவ்' வீல்தான் வேண்டும் என்கிறான். கையை ஒடித்துவிடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா? அந்த விலைக்கு அது தகுமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: மூன்று வகை இருக்கிறது, ஐயா. ஜி29, ஜி923 போன்றவற்றில் மோட்டாருக்கும் வீலுக்கும் நடுவே பல்சக்கரங்கள். திரஸ்ட்மாஸ்டர் டி300இல் பெல்ட். டைரக்ட் டிரைவில் நடுவில் ஒன்றும் கிடையாது, மோட்டாரின் தண்டிலேயே வீல். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி, மோசா ஆர்5 எல்லாம் இந்த வகை.

கணக்கு போட்டால் பயம் தெளியும். ஜி29இன் திருப்புவிசை சுமார் 2 நியூட்டன் மீட்டர். அந்த வீலின் அளவுக்கு அது விளிம்பில் ஒன்றரைக் கிலோ எடை இழுப்பதற்குச் சமம். சிஎஸ்எல் டிடி சாதாரண அடாப்டரில் 5 நியூட்டன் மீட்டர், 30 சென்டிமீட்டர் வீல் மாட்டினால் விளிம்பில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. பெரிய அடாப்டரில் அதுவே 8 நியூட்டன் மீட்டர், அதாவது ஐந்தரைக் கிலோ. கை ஒடிகிற கதை இந்த அளவுகளுக்குப் பொருந்தாது. ஆனால் டிரிஃப்டில் வீல் தானாகச் சுழலும் அல்லவா, அப்போது கட்டைவிரல் ஆரக்காலுக்கு உள்ளே இருந்தால் பலமான அடி விழும். கட்டைவிரலை விளிம்பின் மேலேயே வைக்கப் பழகச் சொல்லுங்கள். மணிக்கட்டில் வாட்ச் வேண்டாம்.

தகுமா என்றால், டிரிஃப்டுக்குத் தகும், பலத்துக்காக அல்ல. பல்சக்கர வீல் கையை விட்டதும் ஓடும், ஆனால் தயங்கித் தயங்கி ஓடும். டைரக்ட் டிரைவ் உடனே ஓடும், நிற்க வேண்டிய இடமும் கைக்குத் தெளிவாகத் தெரியும். அதே சமயம், மகன் இதுவரை எந்த வீலையும் தொட்டதில்லை என்றால் பழைய ஜி29 ஒன்றை இரண்டாம் கையாக வாங்கிக் கொடுங்கள். வாங்கும்போது கரண்ட் கொடுத்துப் பாருங்கள், வீல் தானாக இரு கோடிக்கும் போய் வந்து நடுவில் நிற்க வேண்டும். பெடலை மெதுவாக மிதிக்கும்போது திரையில் கோடு துள்ளினால் உள்ளே தூசு சேர்ந்திருக்கிறது, விலையைக் குறைக்கச் சொல்லலாம். எந்த கேம் மெஷின் வைத்திருக்கிறான் என்பதையும் கேளுங்கள். ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கம்ப்யூட்டருக்கும்தான். எக்ஸ்பாக்ஸ் என்றால் ஜி920.

கேள்வி: தனி ஹேண்ட்பிரேக் அவசியமா?
— வாசகி, சேலம்

பதில்: தொடக்கத்தில் இல்லை. ஒரு பட்டனுக்கு ஹேண்ட்பிரேக்கைக் கொடுத்துவிட்டுப் பழகலாம். பட்டனில் பின்சக்கரத்தைப் பூட்டுவது அல்லது விடுவது இரண்டுதான், பாதி என்பது கிடையாது, அது பின்னாளில் உறுத்தும். அதற்கு முன் கிளட்ச் உள்ள பெடல் இருந்தால் கிளட்ச் கிக் பழகுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே கிளட்ச்சை ஒரு தட்டு தட்டி விட்டால் பின்சக்கரத்துக்கு ஓர் உதை விழும், வழுக்கல் தொடங்கிவிடும்.

கேள்வி: இதில் நன்றாகத் தேறினால் எங்கள் வீட்டு ஸ்விஃப்டில் டிரிஃப்ட் வருமா?
— பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: வராது. ஸ்விஃப்டில் முன்சக்கரம்தான் இழுக்கிறது. பின்சக்கரத்தைச் சுழலவிட்டு வழுக்கலைத் தக்கவைக்க அதில் வழியே இல்லை. பின்சக்கர வண்டி கிடைத்தாலும் பொதுச் சாலையில் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு காத்திருக்கிறது, எதிரே வருகிறவர் உயிர் அதைவிடப் பெரியது.

நிஜக் காரில் பின்பக்கம் கிளம்புவதை இடுப்பு முதலில் சொல்லும், கை அப்புறம்தான். வீட்டு நாற்காலி நகராது, ஆகவே கேமில் வீலும் டயர் சத்தமும் கண்ணும் மட்டுமே துணை. அந்த வகையில் கேம்தான் கடினம் என்றுகூடச் சொல்வேன். கையைத் தளர்த்துவதும் காலால் கோணத்தை அளப்பதும் மட்டும் அப்படியே நிஜத்துக்கும் போகும். சாதாரணக் காரின் முன்சக்கரம் 35, 40 டிகிரிக்கு மேல் திரும்பாது, போட்டி டிரிஃப்ட் கார்களில் பாகங்களை மாற்றி 60 டிகிரியைத் தாண்ட வைக்கிறார்கள். கேமில் அந்தக் கார்களை ஓட்டிப் பழகிவிட்டு, சாதாரணக் காரும் அவ்வளவு கோணத்திலிருந்து மீளும் என்று நினைத்துவிடக் கூடாது.

கேள்வி: டிரிஃப்டைக் கண்டுபிடித்தது யார்?
— பள்ளி மாணவர், நாகர்கோவில்

பதில்: ஒருவரைச் சுட்டுவது கஷ்டம். ஜப்பானின் குனிமிட்சு தகஹாஷி 1970களில் பந்தயங்களிலேயே வளைவுகளை வழுக்கிக் கடந்தார். அதைப் பார்த்து மயங்கிய கெய்ச்சி ட்சுச்சியா மலைப்பாதைகளில் பழகி, டொயோட்டா ஏஇ86 காரோடு சேர்த்து உலகம் முழுக்கப் பரப்பினார். பிறகு அது தனிப் போட்டியாகி, ஜப்பானில் டி1 கிராண்ட் பிரி வந்தது. அமெரிக்காவில் ஃபார்முலா டிரிஃப்ட் 2004இல் முதல் சீசனை நடத்தியது. யார் முதலில் வந்தார் என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது, பாதை, கோணம், ஸ்டைல் இவற்றுக்குத்தான்.

கேள்வி: வீல் சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். வழி உண்டா?
— ஐ.டி. ஊழியர், சென்னை

பதில்: பல்சக்கர வீல் என்றால் கடகட சத்தம் முழுதாகப் போகாது. மேசைக்கால்களுக்கும் பெடலுக்கும் அடியில் தடிமனான ரப்பர் பாய் போடுங்கள், கீழே இறங்குகிற அதிர்வில் பெரும்பகுதி அதோடு நிற்கும். ரோட்டு அதிர்வு எஃபெக்ட்களை அணையுங்கள், டிரிஃப்டுக்கு அவை தேவையே இல்லை. பத்து மணிக்கு மேல் கெயினைப் பாதியாக்குங்கள். அப்போதும் அவர் வந்தால் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வட்டம் போடச் சொல்லிப் பாருங்களேன்.