பழைய புத்தகம், புது பைத்தான்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல்மொழி பழகுகிறேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகத்தைப் பார்த்து அப்படியே அடித்தாலும் பிரிண்ட் வரியிலேயே 'சின்டாக்ஸ் எரர்' (எழுதிய முறை தவறு) என்று வருகிறது. "பழைய வெர்ஷனையே போட்டுக்கோக்கா" என்கிறான் தம்பி. போடலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. உங்கள் புத்தகம் பைத்தான் 2-க்கு எழுதியது. கம்ப்யூட்டரில் இருப்பது 3. பழையதோடு ஒத்துப்போகாது என்று தெரிந்தேதான் 2008 டிசம்பரில் 3-ஐ வெளியிட்டார்கள். 2.7-க்கான ஆதரவும் 2020 ஜனவரி 1-ஓடு முடிந்துவிட்டது. தம்பி பேச்சைக் கேட்டால் நாளைக்கு இன்னொரு தரம் படிக்க வேண்டிவரும்.

பிரிண்ட் தகராறு சின்னது. பிரிண்ட் "வணக்கம்" என்பதை பிரிண்ட்("வணக்கம்") என்று அடைப்புக்குறி போட்டு எழுதுங்கள், தீர்ந்தது. நாம் அடிப்பதை வாங்கிக்கொள்ளும் ரா_இன்புட் என்று இருந்தால் வெறும் இன்புட் ஆக்குங்கள். இதெல்லாம் எரர் வந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். சத்தமில்லாமல் கணக்கைக் கெடுப்பவை இரண்டு உண்டு. உங்கள் வேலைக்கு அவைதான் வினை.

புத்தகத்தில் பீஸ் = இன்புட்() என்று இருக்கும். பைத்தான் 2-ல் 30 என்று அடித்தால் அது எண். 3-ல் அது வெறும் எழுத்து. பீஸுக்கு 2 ரூபாய் கூலி என்று பீஸ் * 2 போட்டால், 60 வராது. "30" இரண்டு தரம் ஒட்டிக்கொண்டு 3030 என்று வரும். டெய்லருக்குக் கொண்டாட்டம், முதலாளிக்கு மயக்கம்! கூலியையும் இன்புட்டிலேயே வாங்கியிருந்தால், எழுத்தை எழுத்தால் பெருக்க முடியாது என்று எரராவது வந்து காப்பாற்றியிருக்கும். பீஸ் = இன்ட்(இன்புட்()) என்று எழுதினால் இன்ட் அந்த எழுத்தை முழு எண்ணாக்கிவிடும், சரியாகிவிடும்.

அடுத்தது வகுத்தல். 30 பீஸை டஜனாக்க 30 / 12 என்றால் பழையதில் 2, மீதியைப் பற்றிப் பேச்சே இல்லை. 3-ல் 2.5. அரை டஜனை அப்படி நோட்டில் யார் எழுதுவார்கள்? 30 // 12 போட்டால் 2 டஜன், 30 % 12 போட்டால் மீதி 6 பீஸ். இந்த இரண்டு குறியும் இரண்டு வெர்ஷனிலும் ஒரே விடைதான் தரும்.

3-ல் இன்னொரு சௌகரியம்: 'கூலி', 'பீஸ்' என்று மாறிகளுக்கு (மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்களுக்கு) தமிழிலேயே பெயர் வைக்கலாம். 2-ல் அது நடக்காது.

புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இஃப், ஃபார் லூப், லிஸ்ட் பாடங்கள் பெரும்பாலும் இன்றைக்கும் பொருந்தும். அடுத்த புத்தகம் வாங்கும்போது மட்டும் கடையிலேயே முதல் பாடத்தைப் புரட்டுங்கள். பிரிண்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லையென்றால் அலமாரியிலேயே வைத்துவிட்டு வாங்க.