ஆறு வயசுப் பிள்ளைக்கு முழு டிக்கெட்டா? லோயர் பெர்த்துக்குத் தனிக் காசா?

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 2. கோடை விடுமுறையில் ராத்திரி ரயிலில் திருநெல்வேலி போய், வந்தே பாரத்தில் திரும்ப நினைக்கிறோம். நாலு முழு டிக்கெட் எடுக்கணும், லோயர் பெர்த் உறுதியாக வேண்டுமானால் ஆளுக்கு 300 ரூபாய் கூடுதல் என்கிறார் ஏஜென்ட். சரிதானா? பிள்ளைகள் அவதிப்படாமல் எப்படிப் போவது?

பதில்: முதலில் அந்த 300 ரூபாயைக் கொடுக்காதீர்கள். எந்த பெர்த் யாருக்கு என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். ஏஜென்ட் செய்யக்கூடியதெல்லாம், 'ஒரு லோயர் பெர்த்தாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்று ஐஆர்சிடிசி தளத்தில் இருக்கும் கட்டத்தைத் தேர்வு செய்வதுதான். அதை நீங்களே செய்யலாம், இலவசம். கிடைக்காவிட்டால் டிக்கெட் பதிவாகாது, அவ்வளவுதான்.

மகனுக்கு டிக்கெட்டே வேண்டாம். 5 வயது நிறையாத பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்காதவரை கட்டணம் இல்லை. கேட்டால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். அதனால் அவன் பெயரைக் கைக்குழந்தைக்கான பகுதியில் மட்டும் சேருங்கள்.

மகளுக்கு, பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரல் வரை பாதிக் கட்டணத்துக்கே பெர்த் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பிடுங்கிவிட்டார்கள். இங்கேதான் இடைத்தரகர்கள் விளையாடுவார்கள். உங்களிடம் முழுக் காசு வாங்கிக்கொண்டு, பாதிக் கட்டணத்தில் பதிவு செய்து, பிஎன்ஆர் எண்ணை மட்டும் வாட்ஸப்பில் அனுப்புவார்கள். வண்டி ஏறிய பிறகுதான் பிள்ளைக்குப் படுக்க இடமில்லை என்பது தெரியும். முழு டிக்கெட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மகள் பெயருக்கு எதிரே பெர்த் எண் இல்லாமல் என்.ஓ.எஸ்.பி. என்று இருந்தால் தனி பெர்த் கிடையாது. மொத்தக் கட்டணமும் அதிலேயே இருக்கும்.

அங்கீகாரம் இல்லாத ஆள் தன் சொந்த ஐடியில் டிக்கெட் போட்டு விற்பது ரயில்வே சட்டம் 143-ஆவது பிரிவின்படி குற்றம். அவரைப் பிடித்தால் டிக்கெட்டையும் முடக்கிவிடுவார்கள். பையும் பிள்ளையுமாக பிளாட்பாரத்தில் நிற்கப்போவது நீங்கள்தான்.

திரும்பும் பயணத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது, கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். திருநெல்வேலி வந்தே பாரத் முழுக்க உட்கார்ந்து போகும் வண்டி. முன்பதிவு டிக்கெட்டில் பாதிக் கட்டணச் சலுகை, படுக்கை உள்ள வகுப்புகளுக்குத்தான். சேர் காரில் 'இருக்கை வேண்டாம்' என்று சொல்லும் வழியே இல்லை. பாதிக் காசு கொடுத்து மகளை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றாலும் நடக்காது. முழுக் கட்டணம், தனி இருக்கை. மகன் அப்போதும் இலவசம்தான், ஆனால் ஏழு மணி நேரத்துக்கு மேல் உங்கள் மடியில். போகும்போது பாதி, வரும்போது முழுசா என்று ஏஜென்ட்டோடு சண்டை போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி.

என்னைக் கேட்டால் போகும்போதும் மகளுக்கு முழுக் கட்டணம் கொடுத்து பெர்த் எடுங்கள். மூன்று பெர்த்தும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். அம்மாவும் மகனும் லோயரில் (அவன் சுவர்ப் பக்கம்), மகள் மிடிலில், அப்பா அப்பரில். முன்பதிவு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்பே இணைத்து வையுங்கள்.

ஆம்னி பஸ்ஸில்கூடப் படம் பார்த்து சீட் எடுக்கலாம். ரயிலில் இன்னும் குலுக்கல் சீட்டுதான். 2022-இல் லக்னோ மெயிலில் லோயர் பெர்த்தோடு மடக்கும் குழந்தைப் படுக்கையைச் சோதனையாகப் பொருத்தி, போட்டோ எல்லாம் எடுத்தார்கள். நம்ம ஊர் வண்டியில் அதை நம்பிக் கிளம்ப முடியாது.

தாம்பரத்தில் வண்டி சில நிமிடமே நிற்கும். உங்கள் கோச் எங்கே வரும் என்று பார்த்து அங்கேயே நில்லுங்கள். ஒருவர் பிள்ளைகளோடு முதலில் ஏற, பைகள் பின்னால் வரட்டும். இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பால் கலக்க ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் பிளக்கில் மின்சாரக் கெட்டில் போட அனுமதி இல்லை. மகனுடைய பிறப்புச் சான்றிதழையும் போனில் படமெடுத்து வையுங்கள். டிடிஇ வயதைக் கேட்டால் காட்டலாம்.