ஆமை அவனுடையதா, உங்களுடையதா?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் இரண்டு மாதத்துக்கு முன்பு கடையிலிருந்து ஒரு குட்டி ஆமை வாங்கி வந்தான். பச்சை ஓடு, காதோரம் சிவப்புக் கோடு. பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த கிண்ணத்தில் இருக்கிறது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, கொண்டுபோய்க் குளத்தில் விடு" என்று மனைவி தினமும் சண்டை. ஆனாலும் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவி வைப்பது அவள்தான். பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டுமே என்றுதான் நான் சம்மதித்தேன். என் தம்பியோ, வளர்ப்பதுதான் வளர்க்கிறீர்கள், நட்சத்திர ஆமையாக வாங்குங்கள், வீட்டுக்கு யோகம் என்கிறான். எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகளும் உண்டு. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: மூன்று பேர் சொல்வதும் சரியில்லை. உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி கடைசிக்கு முந்தைய வரி. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

தம்பியின் யோசனையை முதலில் தள்ளிவிடுவோம். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். உங்கள் மனைவி சொல்லும் பழமொழி இந்த ஒரு ஆமைக்கு மட்டும் அப்படியே பொருந்தும். ஜப்தி செய்ய வரும் கோர்ட் அமீனாவுக்குப் பதில் வனத்துறை வரும், அவ்வளவுதான். தெருவில் யாராவது கூண்டில் பச்சைக்கிளி வைத்திருந்தால் அதுவும் இதே சட்டப்படி குற்றம். எல்லாரும்தானே வளர்க்கிறார்கள் என்ற வாதம் அங்கே எடுபடாது.

உங்கள் வீட்டில் இருப்பது ரெட் இயர்டு ஸ்லைடர், அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. நட்சத்திர ஆமைக்கு உள்ள தடை இதற்கு இல்லை. கடையில் பார்க்கும்போது ஓடு மூன்று சென்டிமீட்டர் இருக்கும். அப்படியே இருந்துவிடும் என்று நினைத்துத்தான் அப்பாக்கள் தலையாட்டுகிறார்கள். ஆண் ஆமை 20 சென்டிமீட்டர் வரை வளரும். பெண் ஆமை 25-ஐத் தாண்டி 30-ஐ நெருங்கும். ஓடு பத்து சென்டிமீட்டர் ஆகும்வரை ஆணா பெண்ணா என்றே தெரியாது. ஒழுங்காக வளர்த்தால் 20, 30 ஆண்டு உயிரோடு இருக்கும். பையன் கல்லூரி விடுதிக்குப் போக இன்னும் ஏழு ஆண்டு. அதற்குப் பிறகு அந்த ஆமை யாருடையது? பொறுப்பு வரட்டும் என்று சொன்னபோதே பொறுப்பை எடுத்துக்கொண்டவர் நீங்கள்தான். கிண்ணம் கழுவும் வேலையைப் பார்த்தால், உங்கள் வீட்டில் அது ஏற்கெனவே அம்மாவின் தலையில் விழுந்தாகிவிட்டது.

இனி கிண்ணத்துக்கு வருவோம். ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு இரண்டரை சென்டிமீட்டருக்கும் நாற்பது லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 25 சென்டிமீட்டர் ஆமைக்கு 400 லிட்டர் ஆகிறது. தண்ணீர் மட்டுமே 400 கிலோ. மாடி வீடாக இருந்தால் தரை தாங்குமா என்றும் யோசிக்க வேண்டும். குட்டிக்கே குறைந்தது இரண்டடித் தொட்டி, முழு உடம்பும் ஏறிக் காயும்படி ஒரு மேடு, அதன் மேலே 30 முதல் 32 டிகிரி சூடு தரும் பல்பு, பக்கத்தில் யுவிபி என்னும் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு. தண்ணீர் 24 முதல் 27 டிகிரி இருக்கலாம். திருநெல்வேலியில் ஹீட்டர் தேவைப்படாது, ஊட்டியில் தேவைப்படும்.

அதிகம் தவறு நடப்பது யுவிபி விளக்கில்தான். அந்த ஒளி இல்லாவிட்டால் ஆமையின் உடம்பில் டி வைட்டமின் உண்டாகாது. டி இல்லாவிட்டால் தின்னும் சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னலோரம் வைத்திருக்கிறோமே என்பார்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் இருக்கும்போதே யுவிபி தீர்ந்துவிடும். காலை வெயிலில் அரைமணி நேரம் வைப்பது நல்லதுதான், ஆனால் பாதி நிழல் இருக்கும் அகலமான டப்பில் வைத்து ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மொட்டை மாடியில் கிண்ணத்தோடு வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போனால், காக்கை தூக்காத குட்டியைத் தண்ணீரின் சூடே கொன்றுவிடும்.

கடையில் கொடுத்த காய்ந்த இறால் பொட்டலத்தை மட்டும் போடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். ஆமைக்கென்று விற்கும் பெல்லட் என்னும் குச்சித் தீனி அதன் தலை அளவுக்குத் தினம் ஒரு வேளை போதும்; கூட மண்புழு, நறுக்கிய கீரை. தண்ணீருக்குள்தான் அதனால் விழுங்க முடியும், தரையில் வைத்து ஊட்டாதீர்கள். தனி டப்பில் கால் மணி நேரம் தீனி போட்டுவிட்டுத் திரும்பத் தொட்டியில் விட்டால் தண்ணீர் நாறுவது பாதியாகக் குறையும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றுங்கள். இமை வீங்கிக் கண் மூடியிருந்தால் பெரும்பாலும் ஏ வைட்டமின் குறை. நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நுரையீரலில் சளி. இரண்டுக்கும் சொட்டு மருந்து வாங்கிவந்து கைவைத்தியம் பார்க்காதீர்கள். உங்கள் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆமை பார்ப்பார்களா என்று விசாரித்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

இவ்வளவும் செய்யத் தயாராக இருந்தாலும் இந்த ஆமை உங்கள் வீட்டில் இப்போது இருக்கக் கூடாது. காரணம் பழமொழி இல்லை, மூன்று வயது மகள். ஆமையின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். அதனால் ஆமைக்கு ஒரு நோயும் வராது, பார்க்கத் திடமாகவே இருக்கும். கிருமி ஓட்டிலும் தண்ணீரிலும் படியும். சின்னப் பிள்ளை கையை விட்டுத் துழாவி அப்படியே வாயில் வைக்கும். பெரியவர்களுக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கோடு போவது, ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்கக் கூடாது என்று அமெரிக்கா 1975-இல் தடை போட்டது இதற்காகத்தான். வாயில் போட்டுக்கொள்ளத் தோதான அளவு அது. அந்த ஆமையின் சொந்த நாட்டிலேயே இந்த நிலைமை. நீங்களோ கிண்ணத்தைச் சாதம் வடிக்கும் தொட்டியில் கழுவ விட்டிருக்கிறீர்கள்.

இன்று முதல் கிண்ணமும் அதற்கென்று ஒரு பிரஷ்ஷும் குளியலறைக்குப் போகட்டும். அழுக்குத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றி, தரையைப் பிளீச்சிங் போட்டுக் கழுவுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டு இருபது நொடி தேய்க்க வேண்டும். மகன் மட்டுமல்ல, நீங்களும். மகள் எட்டாத அறையில், மூடி போட்டு வையுங்கள். இது வேறு இடம் கிடைக்கும்வரைதான்.

வேறு இடம் என்று நான் சொல்வது குளத்தை அல்ல. மனைவியின் யோசனையில் புண்ணியம் போலத் தெரிவது பெரும் கேடு. உலகில் மிக மோசமான நூறு ஊடுருவி உயிரினங்கள் என்று, இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐயுசிஎன் போட்ட பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் குளத்து நாட்டு ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும், புதுப்புது நோயைப் பரப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இறக்குமதியை நிறுத்தியது. கோயில் தெப்பக்குளத்தில் விடுவதும் இதே கணக்குதான். வாங்கின கடையில் திருப்பிக் கேளுங்கள். பணம் வராது, ஆமையை எடுத்துக்கொண்டால் போதும். இல்லையென்றால் சின்னக் குழந்தை இல்லாத, பெரிய தொட்டி வைத்து ஏற்கெனவே வளர்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, தொட்டியை நேரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மகனிடம் இதை நீங்களே சொல்லுங்கள். "அம்மாவுக்குப் பிடிக்கலடா" என்று பழியை அங்கே தள்ளாதீர்கள். தங்கை, கிருமி, 400 லிட்டர் என்று கணக்கைச் சொன்னால் பதினோரு வயதுப் பையனுக்குப் புரியும். தினமும் ஓர் உயிரைப் பார்த்துக்கொள்ளும் ஆசை அவனுக்கு உண்மையிலேயே இருந்தால், ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். மருந்தடிக்காத செடியில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். பறவை எச்சம் போலிருக்கும் புழு கடைசித் தோல் உரித்ததும் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவைக்கொம்பு நீட்டி நாற்றமடிக்கும். பையன்கள் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அகல வாய் ஜாடி, மேலே கட்ட வலைத்துணி, தினமும் புது இலை, தினமும் எச்சம் துடைப்பு, கூட்டுப்புழு ஒட்டிக்கொள்ள நிறுத்திவைத்த ஒரு குச்சி. ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறக்கவிடலாம். காய்கறிக் கடை கறிவேப்பிலையை மட்டும் போட வேண்டாம். அதில் மருந்து இருந்தால் புழு மறுநாளே சுருண்டுவிடும்.